நிலுவையில் ஒரு நடைபாலம்

பிலோமினா இறந்துபோன செய்தி எனக்குச் சுற்றறிக்கையாக வந்தது. திங்கட்கிழமை சட்டப்பேரவையில் கேள்வி நேரம் முடிந்து, அவையிலிருந்து எங்கள் பிரிவுக்குத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு அட்டைக் கோப்பு மேசைமேல் வந்து விழுந்தது. முதல் தாளில், மின்விசிறிகளைத் தேவையில்லாமல் ஓடவிடக்கூடாது என்ற அறிவிப்பு. அதற்கு அடியில், நூலகப் பிரிவின் செல்வி பிலோமினா ஞாயிறு காலை காலமானார், செவ்வாய் அடக்கம் என்று நாலு வரி. அதன் கீழே வழக்கம்போல ‘பார்வையிட்டுக் கையொப்பமிடவும்’. எனக்கு முன்னால் பதினேழு பேர் கையொப்பமிட்டிருந்தார்கள். இருபத்தேழு வருடம் இந்தக் கட்டடத்தில் உழைத்த பெண்ணின் சாவுக்கு, மின்விசிறிக்குப் போட்ட அதே சுருக்கொப்பம்!

நான் போடவில்லை. கோப்பைக் கொண்டுவந்த பணியாளர், "சார், ஒரு இனிஷியல் போட்டுக் குடுங்க, அடுத்த செக்‌ஷனுக்குப் போவணும்" என்றார். "எடுத்துட்டுப் போய்யா" என்று கத்திவிட்டேன். பாவம், அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

நம் ஊழியர் சங்க இதழின் ஆசிரியர் என்னிடம் இரண்டு பக்கம் எழுதச் சொன்னார். எல்லோரிடமும் இனிமையாகப் பழகினார், எப்போதும் சிரித்த முகம் என்று எழுதித் தந்தால் போதும் என்று நினைத்திருப்பார். சுத்தப் பொய். அவரோடு வேலை பார்த்த உங்களுக்கே தெரியும், பிலோமினா முசுடு. தப்பென்றால் தப்பென்று நடு ஹாலில் நின்று சொல்லுவார். அவர் ஏன் நூலகத்துக்கு அனுப்பப்பட்டார் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. அப்படி வாயை மூடிக்கொண்டவர்களில் முதல் ஆள் நான். அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். ஒரு வரிகூட வெட்டமாட்டேன் என்று ஆசிரியர் வாக்குக் கொடுத்திருக்கிறார். பார்க்கலாம்.

நாங்கள் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பணிமூப்புப் பட்டியலில் அவர் எனக்கு ஒரு இடம் மேலே. கடைசியாக ஒன்றாக வேலை பார்த்தது, அமைச்சர்கள் அவையில் கொடுக்கும் உறுதிமொழிகளைப் பின்தொடரும் குழுவுக்கான பிரிவில். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அமைச்சர் எழுந்து ‘கட்டித் தரப்படும்’ என்று சொன்னால், நாங்கள் அதை நடவடிக்கைக் குறிப்பிலிருந்து பொறுக்கி எடுத்து எண் கொடுப்போம். துறைக்குக் கடிதம் எழுதுவோம். பதில் வந்ததும் ‘நிறைவேற்றப்பட்டது’ என்றோ ‘நிலுவை’ என்றோ குறிப்பெழுதிக் குழுவின் முன் வைப்போம். குழு ஏற்று, அறிக்கை அவையில் வைக்கப்பட்டுவிட்டால், நிறைவேறியது என்று எழுதப்பட்ட உறுதிமொழி பட்டியலைவிட்டுப் போய்விடும். அதற்கப்புறம் அதைப் பற்றித் துறையை யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் லஸ் முனையில் நான் பஸ் ஏறினால், சாந்தோமிலிருந்து வந்து ஏறுவார் பிலோமினா. உட்கார இடம் கிடைத்ததும் பையிலிருந்து முந்தின நாள் நடவடிக்கைக் குறிப்பை எடுத்துவிடுவார். மற்றவர்கள் அமைச்சரின் முதல் பதிலை மட்டும் படித்துவிட்டு மூடிவைப்போம். இவர் துணைக் கேள்விகள், குறுக்கீடுகள், சிரிப்பு என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பது வரை விடமாட்டார். "சிரிப்புக்கு அப்புறந்தான் சார் வாய் தவறி நெஜமான வாக்குறுதி வரும்" என்பார். எந்த உறுதிமொழிக்கும் அவரிடம் இரண்டு கேள்வி உண்டு. யார் செய்வார்கள்? எந்தத் தேதிக்குள்? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத துறைக் கடிதத்தை அவர் படித்ததாகவே ஒப்புக்கொள்ளமாட்டார்.

வெள்ளிக்கிழமை அவர் டிபன் டப்பாவில் மீன். நான் எழுந்து ஜன்னல் பக்கம் போவேன். "ரகு சார், மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுங்க, டப்பாவத் திறக்கப்போறேன்" என்று முன்கூட்டியே அறிவிப்புக் கொடுப்பார். சிரித்த முகம் என்று எழுதத்தான் வேண்டுமென்றால், வாரத்தில் அந்த ஒரு நிமிடத்துக்கு எழுதிக்கொள்ளலாம்.

இனிப் பாலத்துக்கு வருகிறேன். சைதாப்பேட்டையில், ஆற்றில் போய்ச் சேரும் ஒரு வடிகால் கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒரு குடியிருப்பு. அங்கிருப்பவர்கள் மார்க்கெட்டுக்கும் பஸ்ஸுக்கும் வர, பாதி உளுத்துப்போன ஒற்றை மரத்தின்மேல் நடந்தாக வேண்டும். மானியக் கோரிக்கை விவாதத்தில் ஒரு உறுப்பினர் இதைக் கேட்டார். அமைச்சர் எழுந்து, ‘வரும் மழைக்காலத்துக்குள் அங்கு நடைபாலம் கட்டித் தரப்படும்’ என்றார். மேசையைத் தட்டினார்கள். மறுநாள் அமைச்சரின் உதவியாளர் ஒருவர் எங்கள் பிரிவுக்கு வந்து, பிலோமினாவின் மேசை ஓரத்தில் சாய்ந்துகொண்டு, "மேடம், அந்த மழைக்காலம்ங்கிற வார்த்தைய எடுத்துட்டு, ‘முயற்சி செய்யப்படும்’னு போட்டுக்கங்களேன். ஐயா ஏதோ ஒரு வேகத்துல சொல்லிட்டாரு" என்றார்.

பிலோமினா தலை நிமிரவில்லை. "ஐயா நாளைக்கு அவையில எழுந்து அப்படிச் சொல்லட்டும். அடுத்த நிமிஷம் மாத்திப் போடறேன். இப்ப மேசைய விட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பேப்பர் கசங்குது" என்றார். ஐயா எழுந்து சொல்லவில்லை. மழைக்காலம் பட்டியலில் ஏறியது. அந்த வருட மழை வந்து போயிற்று. பாலம் மட்டும் வரவில்லை.

அடுத்த வருடம் ஆடியில் குழு நேரில் பார்வையிடப் போனது. நான்கு வண்டி, சால்வை, தட்டில் முந்திரி பிஸ்கெட். போய்ப் பார்த்தால், கால்வாய்மேல் புத்தம்புதுப் பலகைகள்! இரண்டு பக்கமும் கயிறு கட்டி, மேலே தென்னை நார்ப் பாய்கூட விரித்திருந்தார்கள். பொறியாளர் ‘தற்காலிக ஏற்பாடு’ என்று விளக்கினார். குழுத் தலைவர் பலகைமேல் இரண்டடி நடந்து போட்டோவுக்கு நின்றார். அப்போது கூட்டத்தை இடித்துக்கொண்டு, மார்க்கெட்டில் மீன் விற்கிற கன்னியம்மா என்ற பெண் கூடையோடு முன்னால் வந்தார்.

"இன்னா சார் பாத்துக்கினு கீற? இந்தப் பலவ நேத்து சாய்ந்தரம்தான் வந்துச்சு. நீ வண்டில ஏறுனதும் அதுவும் பூடும். போன மழைக்குள்ள கட்டித் தர்றேன்னீங்கோ. இப்ப எந்த மழைக்கு?"

யாரோ "அம்மா, தள்ளிப் போம்மா" என்றார்கள். பிலோமினா குறிப்பேட்டைத் திறந்துகொண்டு அந்தப் பெண் பக்கத்தில் போய் நின்றார். "நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன். மெதுவா சொல்லுங்க" என்றார். அத்தனை பேரும் காத்திருக்க, ஒரு வார்த்தை விடாமல் எழுதினார். பெயரையும் வீட்டு எண்ணையும் எழுதிக் கொண்டார். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தக் கரைக்குப் போய்த் திரும்பி வந்தார். மறுநாள் அலுவலகத்துக்கு வருமுன் சைதாப்பேட்டை போய்ப் பார்த்திருக்கிறார். பலகையும் இல்லை, பாயும் இல்லை, பழைய ஒற்றை மரம்தான் இருந்தது. பார்வைக் குறிப்பில் அதையும் சேர்த்தார். "நேத்து பாத்தத மட்டும் எழுதினா அது பொய்க் குறிப்பு சார்" என்றார் என்னிடம்.

அந்த ஆகஸ்டு கடைசியில் பெசன்ட் நகர் மாதா கோயில் கொடியேற்றம். வருடத்தில் பிலோமினா கண்டிப்பாக விடுப்பு எடுக்கும் ஒரே நாள் அது. அக்காவோடு நடந்தே போவார். அந்த ஒரு நாளில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

குழுவின் அறிக்கைக்கு நாள் நெருங்கிவிட்டது. நிலுவைப் பட்டியல் நீளமாக இருந்தால் மேலே கேட்பார்கள் என்று எங்கள் துணைச் செயலாளருக்குப் பயம். "ரகு, முடிக்க முடிஞ்சதையெல்லாம் இன்னைக்கே முடிச்சுக் குடுங்க. அந்தம்மா வந்தா ஒண்ணும் நகராது" என்றார். பதவி உயர்வுப் பட்டியல் அவர் மேசையில் இருந்தது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். துறையிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. நடைபாலத்துக்கு நிர்வாக ஒப்புதல் அளித்து ஆணை வெளியிடப்பட்டுவிட்டது, பணி விரைவில் தொடங்கும் என்று. நான் எழுதினேன்: ‘ஆணை வெளியிடப்பட்டுள்ளதால் உறுதிமொழி நிறைவேற்றப்பட்டதாகக் கருதலாம்.’ கீழே என் கையொப்பம்.

இந்தத் தப்பை வெளியில் யாருமே செய்யமாட்டார்கள். பாலம் கட்டச் சொன்ன காகிதத்தைப் பார்த்துவிட்டு, பாலம் வந்துவிட்டது என்று கன்னியம்மா சொல்வாரா? காகிதத்திலேயே பிழைக்கிற எங்களுக்குத்தான் அது தோன்றும். அன்று மாலை மயிலாப்பூரில் வீட்டுக்குப் போய், ஒன்றுமில்லாத விஷயம்போல மனைவியிடம் சொன்னேன். கோமதி காய் நறுக்குவதை நிறுத்தினாள். "ஏன்னா, பிலோமினா நாளைக்கு வந்து கேட்டா என்ன சொல்லுவேள்?" என்றாள்.

மறுநாள் பிலோமினா வந்தார், கோப்பைப் பார்த்தார், என் முன்னால் வந்து உட்கார்ந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், முடிந்துபோயிருக்கும். "பாலத்துல நடந்து பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். நான் ஆணை, எண், நடைமுறை என்று ஏதேதோ உளறினேன். "இதுக்கு எதிரா நான் குறிப்பு எழுதுவேன். அத அவங்க தூக்கி எறிவாங்க. நான் எழுதினா பொம்பள சண்டைக்கு வர்றான்னுதான் ஆகும். உங்க குறிப்ப நீங்களே திருத்துங்க சார்" என்றார். பார்க்கலாம் என்றேன். பார்க்கலாம்! யாரிடம் அந்த வார்த்தையைச் சொன்னேன் பாருங்கள்.

அவர் எதிர்க்குறிப்பு எழுதினார். அது கோப்புக்குள் போகவே இல்லை. அறிக்கை அவையில் வைக்கப்பட்டது. நடைபாலம் நிறைவேறியவற்றில் ஒன்றாகப் பட்டியலிலிருந்து போயிற்று. துறைக்கு அப்புறம் என்ன கவலை? அந்த ஆணை எந்த அலமாரியில் கிடக்கிறதோ, எனக்குத் தெரியாது. கார்த்திகை மழையில் கன்னியம்மா கூடையோடு அந்த ஒற்றை மரத்தில் வழுக்கிக் கால்வாயில் விழுந்தார். கணுக்கால் நொறுங்கிவிட்டது. பிலோமினா மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, என் மேசை அருகே நின்று, "இனிமே அவங்களால மீன் கூடையத் தூக்க முடியாதாம்" என்றார். பிறகு பொங்கல் வரைக்கும் என்னோடு பேசவில்லை. பொங்கலுக்குப் பிறகு பட்டியல் வந்தது. ஒரு இடம் மேலே இருந்த அவரைத் தாண்டி எனக்குப் பதவி உயர்வு. அவருக்கு ‘நிர்வாக நலன் கருதி’ நூலகம். யாருடைய நலன் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. நீங்களும்தான் கேட்கவில்லை.

நூலகத்தில் அவர் சும்மா இருந்தார் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு கூட்டத்தொடர் தொடங்கும் நாளிலும் எனக்கு ஒரு சீட்டு வரும். புத்தகம் திருப்பித் தராதவர்களுக்கு நூலகம் அனுப்புகிற அச்சடித்த நினைவூட்டுச் சீட்டு. புத்தகத்தின் பெயர் என்ற இடத்தில் ‘நடைபாலம்’ என்றும், எடுத்தவர் என்ற இடத்தில் என் பெயரும், திருப்பித் தரவேண்டிய தேதி என்ற இடத்தில் ஒரு கேள்விக்குறியும் இருக்கும். மூன்று வருடத்தில் ஏழு சீட்டுகள். வராந்தாவில் எதிரே பார்த்தால், "சார், ஓவர்டியூ" என்பார். நான் அசடு வழிந்துகொண்டு நகர்ந்துவிடுவேன். திருத்தக் குறிப்பை இரண்டு தரம் எழுதி, இரண்டு தரமும் கிழித்தேன். மெமோ வரும், ஓய்வூதியம் இழுபடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். கடைசிச் சீட்டு இந்தக் கூட்டத்தொடரின் முதல் நாள் வந்தது. பன்னிரண்டு நாள் கழித்து, ஞாயிறு பூசைக்குக் கிளம்பியவர் வாசற்படியிலேயே சரிந்துவிட்டாராம்.

செவ்வாய்க்கிழமை கோயிலில் நம் ஆட்கள் பத்துப் பேர் இருந்தோம். அவையில் முக்கியமான அலுவல் என்று பெரியவர்கள் மாலையை அனுப்பிவிட்டார்கள். பூசை முடிந்து பெட்டியைத் தூக்கும்போது, தடியை ஊன்றிக்கொண்டு ஒரு பெண் என்னிடம் வந்தார். கன்னியம்மா. சைதாப்பேட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

"நீதான ரகு சாரு? பிலோமினாம்மா உன்னக் காட்டிக்கீது, ஒருதபா பஸ் ஸ்டாப்புல. உன் பேர எப்பவும் சொல்லும். ‘பாலத்துக்கு ரகு சார் எழுதிக் குடுப்பாரு, நல்ல மனுசன், கொஞ்சம் பொறுத்துக்கோ’ன்னு சொல்லும்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழுதிட்டியா சார்?" என்றார்.

என்னைக் காட்டிக்கொடுக்க பிலோமினாவுக்கு மூன்று வருடம் இருந்தது. விழுந்தவரிடமே போய் நல்ல மனுசன் என்று சொல்லியிருக்கிறார்! அந்த இடத்தில் எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். பிலோமினா மேலேயே ஆத்திரம். என்னை நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கக் கூடாதா? கன்னியம்மாவை அங்கேயே விட்டுவிட்டுப் பெட்டியின் பின்னால் நடந்தேன்.

வியாழக்கிழமை அலுவலகத்தில் இரங்கல் கூட்டம். நீங்களும் வந்திருந்தீர்கள். அன்றைய துணைச் செயலாளர் இப்போது இன்னும் பெரிய அறையில் இருக்கிறார். அவர்தான் பேசினார். கடமை, கண்ணியம், ஈடுசெய்ய முடியாத இழப்பு. கடைசியில், "அன்னாரது பெயரில் நூலகத்தில் ஒரு அலமாரி அமைக்க ஆவன செய்யப்படும்" என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன், வெட்கங்கெட்டவன். பிலோமினா இருந்திருந்தால் அந்த அலமாரிக்கும் ஒரு எண் போட்டிருப்பார்.

வீட்டுக்கு வந்து கோமதியிடம் கத்தித் தீர்த்தேன். அவனைப் பார், இவனைப் பார் என்று ஒருவரையும் விடவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஆத்துல வந்து என்கிட்டக் கத்தி என்ன பிரயோஜனம்? கத்த வேண்டிய எடத்துல போய்க் கத்துங்கோ. பென்ஷன் வரலைன்னா நாம என்ன பட்டினியா கெடந்துடப்போறோம்?" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை மூன்றாம் தடவையாக எழுதினேன். ‘மேற்படி குறிப்பு என்னால் தவறாக எழுதப்பட்டது. பாலம் கட்டப்படவில்லை. உறுதிமொழி நிலுவையில் உள்ளது. குழு இதை மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.’ அந்தப் பெரிய அறைக்குக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்களுக்கு என்ன ஆச்சு ரகு? ரிட்டயர்மென்ட்டுக்கு எவ்வளவு இருக்கு?"

"மூணு வருஷம் சார்."

"அறிக்கை அவையில வச்சு முடிஞ்சுபோச்சு. இப்ப இதத் தோண்டினா முதல் மெமோ உங்களுக்குத்தான் வரும்."

"வரட்டும் சார்."

அவர் தாளை ஓரமாகத் தள்ளினார். "சரி, வச்சுட்டுப் போங்க. பாக்கலாம்."

"எந்தத் தேதிக்குள்ள சார்?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் நகரவில்லை.

"மாசக் கடைசி வியாழக்கிழமை குழு கூடுது. அன்னைக்கு வைக்கலாம்."

"யாரு வைப்பாங்க சார்?"

"நான்தான்யா வைப்பேன்! போங்க" என்று அவர் கத்தினார்.

பிலோமினாவுடைய பொருளாக என்னிடம் இருப்பது அந்த ஏழு சீட்டுகள் மட்டும். ஆறு சீட்டுகளைக் குறிப்போடு இணைத்துவிட்டேன், கோப்பிலேயே இருக்கட்டும். ஏழாவதை நான் வைத்துக்கொண்டேன். அதில் கேள்விக்குறியை அடித்துவிட்டு, மாதக் கடைசி வியாழன் என்று எழுதியிருக்கிறேன். அன்று காலை பத்து மணிக்கு அந்தச் சீட்டோடு அவர் அறை வாசலில் நிற்பேன். கன்னியம்மாவிடம் போய், குறிப்பெழுதியவன் நான்தான் என்பதையும் சொல்லிவிட்டேன். அவர் என்னை ஏசியதை இதழில் போட முடியாது. அன்றைக்கு அவரும் வருகிறார். நுழைவுச் சீட்டு வாங்கிக் கொடுத்துவிட்டேன்.